என் ரத்தத்துக்குள் ஓர் எண்ணெய் ஆலை

காய்ச்சல் தினமும் ஒரே நேரத்துக்கு வந்தது. பிற்பகலில், ஜொகூரின் பாசிர் கூடாங்கில் நான் வேலை செய்யும் சமையல் எண்ணெய் ஆலையில் தேநீருக்கு மணி அடிக்கும் நேரத்துக்கு. முதலில் பற்கள் தந்தியடித்தபோது மழையில் நனைந்ததன் மேல் பழியைப் போட்டேன். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தபோது டெங்கி என்று முடிவு கட்டி, மாசாயில் எங்கள் வீட்டு வரிசையில் பூச்சாடி வைத்திருந்த அத்தனை பேரையும் முறைத்தேன். அதற்கடுத்த நாளும் மணி தவறாமல் வந்து நின்றபோதுதான், இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வருகிற ஆள் எங்கள் ஆலையில்கூட இல்லையே என்று மரியாதை கலந்த ஒரு சந்தேகம் எழுந்தது.

அரசாங்க மருத்துவமனையில் ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தார்கள். இளம் பெண் டாக்டர் திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி, அண்மையில் காட்டுப் பக்கம் போனீர்களா என்பது.

போயிருந்தேன். குளுவாங்குக்கு அப்பால் மலையடிவாரத்தில் என் ஆலை நண்பர் ஒருவருக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. பழ சீசனில் நாங்கள் சிலர் போய்க் குடிசையில் உட்கார்ந்து பழம் விழக் காத்திருப்போம். டுரியானைப் பறிப்பதில்லை, அதுவாக விழ வேண்டும். பொழுது சாயும் நேரம். கொசு கடித்தது, டுரியானுக்காகப் பொறுத்துக்கொண்டோம். கிளைகளில் ஒரு குரங்குக் குடும்பம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதில் பெரியதைப் பார்த்துப் பழிப்புக் காட்டி, சுளை தீர்ந்த தோலை ஆட்டிக் காட்டினேன். அது பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அப்போது நினைத்தேன்.

“மலேரியா,” என்றார் டாக்டர். குரங்குகளின் ரத்தத்தில் வாழும் ஒரு வகையாம். குரங்கைக் கடித்த கொசு மனிதனைக் கடித்தால் மனிதனுக்கும் வருமாம். மற்ற வகைகள் போல ஒரு நாள் விட்டு ஒரு நாள் அல்ல. இது நாள்தோறும் பெருகும், கவனிக்காமல் விட்டால் சீக்கிரமே முற்றிவிடும் என்றார். வார்டில் சேர வேண்டும்.

பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். அவள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் கியூசி. ஓடுகிற கன்வேயரில் குறையுள்ளதை ஒரே பார்வையில் தூக்கி வீசுகிறவள். டாக்டருக்கும் புரியட்டும் என்று மலாயில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னாள்:

“குரங்குக்கு வர்றது உங்களுக்கு வந்திருக்குன்னா, கொசுவுக்கு ஆள் அடையாளம் தெரிஞ்சிருக்குங்க.”

எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அது துணிச்சல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆலையில் பாய்லர் அலாரம் அடித்தால் நான் முதலில் ஒரு ஜோக் சொல்வேன். நான் ஜோக் சொன்னால் பயந்துவிட்டேன் என்று உடன் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

வார்டில் என் கட்டிலுக்கு ஒரு கொசுவலை கட்டினார்கள். என்னைக் கொசுவிடமிருந்து காப்பாற்ற என்று நினைத்தேன். கொசுக்களை என்னிடமிருந்து காப்பாற்ற என்று தாதி விளக்கினார். வலைக்குள் படுத்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கொழுந்தியாள் சொன்னது நினைவுக்கு வந்தது. அதோடு என் மூளை கழன்றது.

என் மனைவியின் தங்கை சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். தினமும் ஜொகூர் பாலத்தைக் கடந்து போய் அவள் செய்யும் வேலை, மலேரியா ஒட்டுண்ணிகளைக் கண்ணாடிக் குடுவையில் மனித ரத்தத்தில் வளர்ப்பது. வளர்த்து, அவற்றின் கொழுப்பை ஆராய்வது. கொழுப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஓர் அத்தான் தன் கொழுந்தியாளிடம் செய்யக்கூடிய அத்தனை கேலியையும் நான் செய்து தீர்த்துவிட்டேன். இங்கே ஒன்றைக்கூட எழுதப் போவதில்லை. எங்கள் குடும்பங்களில் கொழுந்தியாளைக் கேலி செய்வது அத்தானின் பிறப்புரிமை. அவள் திருப்பிக் கொடுப்பதும் அப்படியே.

அதற்கு முந்தைய தீபாவளி அன்று, விருந்து பாதியில் இருக்கும்போதே அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

“எங்கம்மா போற? இன்னும் ஆட்டிறைச்சியே எறங்கல.”

“ஆய்வுக்கூடத்துக்கு அத்தான். அதுங்களுக்குச் சாப்பாடு மாத்தணும்.”

“தீபாவளிக்குக்கூட லீவு கெடையாதா?”

“அதுங்களுக்குத் தீபாவளி தெரியாதே. நேரத்துக்கு மாத்தலன்னா செத்துப் போயிடும்.”

“செத்தா நல்லதுதானே லா? கிருமிக்குப் பசிக்கும்னு பதறுற ஒரே ஆள் இந்த ஜொகூர்ல நீதான்!”

அவள் நின்றாள். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னாள். ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு ஒரு காலி வீடு. வெளிச்சுவர் மட்டும் உண்டு. உள்ளே அறை இல்லை, தடுப்பு இல்லை. ஒட்டுண்ணி அதற்குள் ஒற்றை ஆளாகக் குடியேறுகிறது. குடியேறியதும் தன்னைச் சுற்றி ஒரு சுவர் வேண்டும். தின்று செரிக்க ஒரு வயிறு வேண்டும், அதற்கும் ஒரு சுவர். கடைசியில் பல குட்டிகளாகப் பிரியும்போது ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனித் தோல். அத்தனை சுவரும் தோலும் கொழுப்பால் ஆனவை. காலி வீட்டில் அவ்வளவு கொழுப்பு கிடையாது. அதனால் வெளியே ஓடும் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது.

“குடுவையில வளக்கும்போது எந்தக் கொழுப்பக் குடுத்தா நல்லா வளரும்னு பாத்திருக்காங்க அத்தான். ரெண்டு சேந்து இருந்தாலே நல்லா வளருது. பாமிட்டிக், அப்புறம் ஓலியிக்.”

என் கையிலிருந்த அதிரசம் தட்டில் விழுந்தது.

விஷயம் இதுதான். கூலாயிலும் குளுவாங்கிலும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நிற்கும் செம்பனை மரங்களின் எண்ணெய், அதாவது பாமாயில், எங்கள் ஆலைக்குத்தான் வருகிறது. அந்த எண்ணெயைக் கூறு போட்டால் பெரும்பங்கு இந்த இரண்டு அமிலங்கள்தான். பாமிட்டிக் என்ற பேரே பனையிலிருந்து வந்தது. என் வாழ்நாளில் பாதியை இந்த இரண்டையும் காய்ச்சுவதிலும் குளிர்விப்பதிலும் கழித்தவன் நான்.

“அலமாக்! அது நம்ம சரக்கு லா!” என்று கூவினேன். அடுத்த வாரம் முழுக்க ஆலையில், ‘நமக்குப் புது வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார், மலேரியாக் கிருமி, தரத்தில் கறார்’ என்று சொல்லித் திரிந்தேன்.

வலைக்குள் படுத்தபடி அந்த ஜோக்கை மறுபடி எண்ணிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. பூரி, வடை, மீ கோரெங், பீசாங் கோரெங் என்று செம்பனை எண்ணெயிலேயே பொரிந்து வளர்ந்த உடம்பு. சட்டையை முகர்ந்தால் எண்ணெய் வாசம். வியர்வையில் ஆலை. குரங்கின் மெலிந்த ரத்தத்தில் பஞ்சம் பிழைத்துக்கொண்டிருந்த ஒட்டுண்ணி, கொசு ஏறி வந்து எனக்குள் இறங்கியதும் என்ன நினைத்திருக்கும்? எண்ணெய் ததும்பும் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கப்பல் கரைசேர்ந்த மாதிரி இருந்திருக்கும்.

எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. பிளாண்டில் ஏதோ தப்பாகப் போகிறது, என்னவென்று புரியவில்லை என்றால், ஆராயக் கூடாது. முதலில் உள்ளே வரும் எண்ணெயை நிறுத்து. ஃபீட் கட். வால்வை மூடிவிட்டுப் பிறகு யோசி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே கத்திக் கத்திச் சொல்லிக் கொடுப்பது இது. அலாரம் அடித்தால் என் கை தானாக அந்த வால்வுக்குப் போகும்.

என் கை தானாக அந்த வால்வுக்குப் போனது.

“எண்ணெ வேணாம். தேங்கா வேணாம். முட்ட வேணாம்,” என்று மனைவியிடம் சொன்னேன். “கஞ்சி. உப்புப் போட்டு. ரசம்னா தாளிக்காம.”

“தாளிக்காத ரசத்துக்குப் பேரு ரசம் இல்லைங்க.”

“வாய்க்குப் பிடிக்கல,” என்றேன். காய்ச்சல்காரன் சொல்வதை மனைவி நம்புவாள். அவள் தாளிக்காத ரசத்தை டிபன் கேரியரில் கொண்டுவந்து வைத்தபோது, கியூசியில் ரிஜெக்ட் ஆக வேண்டிய ஒன்றைத் தன் கையாலேயே பாஸ் செய்துவிட்ட முகத்தோடு இருந்தாள்.

மீதி இருந்தது பால். மலாய்த் தாதி ஒவ்வொரு வேளையும் மஞ்சள் மாத்திரைகளோடு ஒரு சின்னப் பெட்டி ஃபுல் கிரீம் பால் கொண்டுவருவார். நாங்கள் தாதியை மிஸ்ஸி என்போம். “மாக்கான் டூலூ, பாக்சிக்,” என்பார் மிஸ்ஸி. முதலில் சாப்பிடுங்கள், அப்புறம்தான் மாத்திரை. நான் மாத்திரையை அவர் கண்முன்னே தண்ணீரில் விழுங்குவேன். பால் பெட்டியில் குழாயைச் செருகி, உதட்டில் வைத்து, கண்ணை மூடி, நடிப்புக்குப் பரிசு இருந்தால் அந்த வார்டிலேயே வாங்கியிருக்கக்கூடிய ஒரு உறிஞ்சு உறிஞ்சுவேன். துளி உள்ளே போகாது. அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் பெட்டி வலைக்கு அடியில் புகுந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும்.

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு ஒரு சீன அங்கிள். ரப்பர் தோட்டத்துக் கடை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிடச் சரளமாகத் தமிழ் பேசினார், கெட்ட வார்த்தைகள் உட்பட.

“தம்பி, ஒனக்கு வேணாமா?”

“ஒங்க எலும்பு சேரணும் அங்கிள். கால்சியம்.”

“நீ நல்லா இருப்ப,” என்று வாழ்த்திவிட்டுக் குடிப்பார்.

தினமும் காலையில் விரல் நுனியில் குத்தி, தகட்டில் பூசி, ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் எண்ணுவார்கள். அந்தக் கணக்கு மருந்து தொடங்கியதும் நன்றாக இறங்கியது. என் பட்டினியின் வெற்றி என்று உள்ளுக்குள் துள்ளினேன். அப்புறம் இறங்குவது மந்தமானது. அடுத்த காலையில் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. பிற்பகல் மணிக்கு நடுக்கமும் வந்துவிட்டது, சம்பள நாளில் வருகிற ஆள் மாதிரி உற்சாகமாக.

டாக்டர் என் கட்டிலருகே வழக்கத்தைவிட நேரம் நின்றார். மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கிறீர்களா, வாந்தி எடுத்தீர்களா என்று கேட்டார். “யெஸ் டாக்டர்,” “நோ டாக்டர்,” என்று வரிசைப்படி சொன்னேன். முதலாவது பொய். நாளைக் காலைக்குள் கணக்கு இறங்காவிட்டால் நரம்பில் ஏற்றும் மருந்துக்கு மாற்றி, தீவிரக் கண்காணிப்பு வார்டுக்குக் கொண்டுபோவோம் என்றார். என் சிறுநீரகம், ஈரல் எல்லாவற்றையும் பார்க்க இன்னும் ரத்தம் எடுக்கச் சொன்னார். நான் ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

மனைவிக்குப் போன் போட்டு, என் மோட்டார் சைக்கிளின் இரண்டாவது சாவி பூஜை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது என்று உயில் மாதிரி சொன்னேன்.

“அது தொலைஞ்சி வருசக்கணக்காச்சுங்க.”

“அப்ப அத விடு. எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா என் மேலாளர் மாலை போட வரக் கூடாது.”

“நான் தங்கச்சியக் கூட்டிட்டு வர்றேன்,” என்றாள். குரலில் கேலி இல்லை. அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் என் பயம் இரட்டிப்பானது.

மாலைப் பார்வை நேரத்தில் இருவரும் வந்தார்கள். கொழுந்தியாள் பாலத்தில் பஸ்ஸை விட்டிறங்கி நேராக வந்திருந்தாள். முதுகில் பை, முகத்தில் பகல் முழுக்கப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிய தடம். நான் வலைக்குள் இருந்து, “என்னம்மா, ஒன் புள்ளைங்களப் பாக்க வந்தியா?” என்றேன். பாதி ஜோக் வந்தது. அவள் சிரிக்கவில்லை, என் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள்.

அப்போதுதான் சீன அங்கிள் தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“தங்கச்சி, ஒன் புருசன் தங்கமான மனுசன்லா. தான் குடிக்காம தெனமும் எனக்குப் பால் குடுக்குறான். மருந்து நேரம் வந்தா ஒடனே என் பக்கம் பால் வந்துரும். என் மகன்கூட இப்படிக் குடுக்க மாட்டான்.”

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

கன்வேயரில் குறையுள்ள சாமானைப் பார்க்கும் பார்வை என் மேல் திரும்பியது. “மருந்து நேரத்துக்கு வர்ற பாலையா?” என்றாள் மனைவி. அப்புறம் டிபன் கேரியரைப் பார்த்தாள். “தாளிக்காத ரசம்,” என்று மெதுவாகச் சொன்னாள். “எண்ணெ வேணாம். தேங்கா வேணாம்.”

“என்னத்துக்கு அத்தான்?” என்றாள் கொழுந்தியாள்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். பாமிட்டிக், ஓலியிக், தீபாவளி, துறைமுகத்தில் கப்பல், ஃபீட் கட், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு மாதிரியாகக் கேட்டது. அவளிடம் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? எத்தனையோ வருடமாக அவள் வேலையைப் பார்த்துக் கேலி செய்துவிட்டு, வலைக்குள் இருந்துகொண்டு ‘அம்மா, எதைத் தின்பது?’ என்று கேட்க எந்த அத்தானுக்கு முகம் வரும்?

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். “எல்லா வேளையுமா?”

“எல்லா வேளையும்.”

“அத்தான், அந்த மாத்திரைல இருக்குற மருந்து தண்ணியில கரையாது. கொழுப்புலதான் கரையும். வயித்துல கொழுப்பு இருந்தாத்தான் குடல்லேர்ந்து ரத்தத்துக்கு ஏறும். இல்லன்னா பாதிக்கு மேல சும்மாவே வெளிய போயிடும். அதுக்குத்தான் மிஸ்ஸி பால் குடுத்தாங்க. நீங்க எண்ணெ லாரிய நிறுத்துறதா நெனச்சிக்கிட்டு, தீயணைப்பு வண்டியக் கேட்டுல நிறுத்திட்டீங்க.”

நான் பால் பெட்டிகள் போன வழியைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“இன்னொண்ணு. நீங்க பட்டினி கெடந்தா அதுவும் பட்டினி கெடக்கும்னு யாரு சொன்னா? வெளியிலேர்ந்து வர்றத நிறுத்தினா ஒடம்பு தன்னோட இருப்பத் தொறந்து ரத்தத்துல விடும். அதுக்கு விருந்துதான்.”

என் மனைவியின் பார்வை வலை வழியாக என் வயிற்றில் வந்து நின்றது. “இருப்புக்கா பஞ்சம்? எண்ணெ டேங்க் ஃபார்மே அங்கதான் இருக்கு.”

அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, நான் குடிச்சது ஒன் மருந்தா? தம்பி, நீ என்னக் கொலகாரனாக்கப் பாத்தியே!” என்றவர், தலையணைக்கடியில் பத்திரப்படுத்தியிருந்த பால் பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

மிஸ்ஸிக்குச் சொல்லப்பட்டது. மிஸ்ஸி இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த மொழியிலும் எழுத முடியாது. டாக்டர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். மருந்து வேலை செய்யாமல் இல்லை, ஆள்தான் வேலை செய்யவிடவில்லை என்பது அவருக்கு நல்ல செய்தி. மாத்திரையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார், கொழுப்புள்ள சாப்பாட்டோடு, மிஸ்ஸி நின்று பார்க்க. காலைக் கணக்கு வரைக்கும் பொறுப்போம். அதற்குள் நிலைமை மாறினால் உடனே ஊசி மருந்து என்றார்.

அங்கிளின் பாலோடு மாத்திரையை விழுங்கினேன். கடைசிச் சொட்டில் குழாய் களக்களக் என்று சத்தம் போடும் வரைக்கும் மிஸ்ஸி நகரவில்லை.

பார்வை நேரம் முடியும்வரை கொழுந்தியாள் பக்கத்திலேயே இருந்தாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. கைப்பேசியை எடுத்து, “இதப் பாருங்க அத்தான்,” என்று வலைக்குள் நீட்டினாள். அவளே எடுத்த படம். கறுப்புப் பின்னணியில் மங்கலாக ஒரு வட்டம், அது சிவப்பணு. அதற்குள் ஒரு ஒட்டுண்ணி. ஒட்டுண்ணிக்குள் பச்சையாக ஒளிரும் சில சின்னப் பொட்டுகள். கொழுப்பை மட்டும் பிடிக்கிற சாயம் போட்டால் அப்படித் தெரியுமாம்.

“இது என்ன, பச்சையா?”

“எண்ணெ. சேத்து வச்சிருக்கு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். எண்ணெய் ஆலைக்காரனுக்கு டேங்க்கைப் பார்த்தால் தெரியும். அவை டேங்க்குகள்தான். உருண்டையாக, நிறைந்து, ஓர் ஓரமாக.

“அது வெளியிலேர்ந்து இழுக்குற கொழுப்பமிலம் தனியா கெடந்தா அதுக்கே விஷம் அத்தான். அதனால கையோட கட்டிப்போட்டு, கெடுதல் இல்லாத எண்ணெயா மாத்தி இந்த உருண்டைங்கள்ல போட்டு வச்சிடும். குட்டிங்களாப் பிரியுற நேரத்துல தொறந்து, தோல் செய்யுறதுக்கு எடுத்துக்கும்.”

இதைக் கேட்டு எனக்கு உண்டான உணர்ச்சியை வெளி ஆட்களுக்கு எப்படிச் சொல்வேன்? எங்கள் ஆலையின் முழு வேலையே அதுதான். மில்லிலிருந்து வரும் கச்சா எண்ணெயில் தனியாகக் கிடக்கும் கொழுப்பமிலம்தான் எங்களுக்கும் எதிரி. அதை விரட்டுவதற்கு நாங்கள் ஒரு கட்டடம் உயரத்துக்குக் கோபுரம் கட்டி, காற்றை உறிஞ்சி எடுத்து, நீராவியை ஊதி, கை வைத்தால் வெந்துபோகும் சூட்டில் காய்ச்சுகிறோம். பாய்லர் ஒருநாள் இருமினாலும் உற்பத்தி போய்விடும். இந்தப் பயல், தூசியைவிடச் சின்ன வீட்டுக்குள், பாய்லர் இல்லாமல், கோபுரம் இல்லாமல், ஷிப்ட் சூப்பர்வைசர் இல்லாமல் அதே எதிரியைச் சமாளிக்கிறான். மிச்சத்தைச் சேமிக்கிறான். வேண்டிய நேரத்துக்கு டேங்க்கைத் திறக்கிறான். என் ரத்தத்துக்குள் ஓர் எண்ணெய் ஆலை நடக்கிறது. எங்கள் ஆலையைவிட நன்றாக நடக்கிறது.

“பச்சைக்குப் பக்கத்துல இந்தக் கறுப்புப் புள்ளி?”

“அதோட குப்பை. நம்ம ரத்தத்தோட சிவப்பத் தின்னுட்டு மிஞ்சுற விஷம். அதையும் படிகமாக்கி ஒதுக்கிடும். அந்தப் படிகம் உருவாக இந்தக் கொழுப்பும் ஒத்தாச பண்ணுதுன்னு சொல்றாங்க. நீங்க குடிக்குற மருந்து அந்தப் படிக வேலையில போய்க் கைய வைக்கும்.”

எண்ணெயைக் கலக்கிக் கலக்கி மெல்லக் குளிர்வித்து, கெட்டிப் பகுதி வெண்ணிறப் படிகமாகத் திரளக் காத்திருக்கும் எங்கள் படிகத் தொட்டி நினைவுக்கு வந்தது. அவசரப்பட்டால் கஞ்சியாகிவிடும், கை தேர்ந்த ஆள் வேண்டும். எதிரி மேல் மரியாதை வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எதிரியை வேலைக்கு எடுக்கலாமா என்று முதலில் யோசித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

“நீ இதத் தெனமும் பாக்குறியா?”

“தெனமும்.”

“எதுக்கு இந்த எண்ணெயப் போட்டு இப்படி நோண்டுற?”

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பச்சைப் பொட்டு திரை முழுக்க நிறைந்தது. “இந்த உருண்டையில போட்டு வைக்க முடியாம பண்ணிட்டா, அது இழுத்த கொழுப்பே அதக் கொன்னுடும். அதுக்கு ஒரு மருந்து வழி இருக்கான்னு தேடுறோம். இருக்குற மருந்துங்களுக்கு அதுங்க மெல்ல மெல்லப் பழகிக்கிட்டு வருது அத்தான். வேற கதவு வேணும்.”

டேங்க்கில் கை வைப்பது. ஃபீடை மூடுவது அல்ல, டேங்க்கை மூடுவது. தொழிலில் இத்தனை வருடம் இருந்த எனக்கு அது தோன்றவில்லை. தீபாவளி விருந்தைப் பாதியில் விட்டு, நான் பின்னாலிருந்து கேலி பேசப் பேசப் பாலத்து நெரிசலில் நின்று போய், இந்தப் பச்சைப் பொட்டுக்கு முன்னால் உட்கார்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன அத்தான், காய்ச்சல் ஏறுதா? ஜோக்கு ஒண்ணும் வரலயே.”

“ஏறல. நீ அடுத்த படத்தக் காட்டு,” என்றேன்.

காலையில் விரலைக் குத்தி எடுத்துப் போனார்கள். கணக்கு வருவதற்குள் மனைவி வந்துவிட்டாள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு. டிபன் கேரியரைத் திறந்தாள். தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, எண்ணெய் மிதக்கும் சம்பல், பொரித்த நெத்திலி, ஓரம் மொறுமொறுத்த முட்டை. வார்டே மணத்தது.

“சாப்பிடுங்க,” என்றாள். அது உபசாரம் அல்ல, உத்தரவு. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் மிஸ்ஸி. அங்கிள் கட்டிலிலிருந்து நெத்திலியைப் பார்த்தார். என் மனைவி அவருக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். “இது ஒங்களோடது அங்கிள். அவரோடதுல கை வச்சீங்கன்னா மத்தக் காலும் போயிடும்.”

கணக்கு இறங்கியிருந்தது. டாக்டர் எண்ணைச் சொன்னார். அது எனக்கு நினைவில்லை. அவர் புருவம் இறங்கியது நினைவிருக்கிறது. தீவிரக் கண்காணிப்பு வார்டுக்குப் போக வேண்டியதில்லை. அன்று பிற்பகல் நடுக்கம் வந்தது, தாமதமாக, சாக்கு சொல்லிக்கொண்டு வருகிற ஆள் மாதிரி. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் அந்த நேரத்துக்கு நான் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நாடி பார்ப்பது போல. அவளுக்கு நாடி பார்க்கத் தெரியாது. ஆலையில் இப்போது மணி அடித்திருக்கும். யாராவது என் பங்குத் தேநீரையும் குடித்திருப்பார்கள். பல்லைக் கடித்துப் பார்த்தேன். அது தானாக ஆடவில்லை. சுவர்க் கடிகாரம் நகர்ந்தது.

“என்ன தம்பி, இன்னிக்கு டான்ஸ் இல்லையா?” என்றார் அங்கிள்.

“இல்ல போல அங்கிள்,” என்றேன். மனைவி மணிக்கட்டை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “தாளிச்ச வாசன,” என்றாள். யாரும் எதையும் தாளிக்கவில்லை.

தகடு முழுக்கச் சுத்தம் என்று வந்த நாளில் என்னை அழைத்துப் போகக் கொழுந்தியாளும் வந்திருந்தாள். அங்கிளுக்கு ஒரு பெட்டி நிறையப் பால் வாங்கிக் கொடுத்தேன், “இதாவது என்னோடதா?” என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மனைவி காரைக் கிளப்பினாள். வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், அப்புறம் கோழி என்று திட்டம் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் தங்கை கைப்பேசியில் நேரம் பார்ப்பதை நான் கவனித்தேன்.

“மொதல்ல பாலத்துக்கு விடு,” என்றேன் மனைவியிடம்.

“அவ சாப்பிட்டுட்டுப் போகட்டுமே.”

“அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம் லா. தாமதமானா செத்துடும்.”

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாலத்து முனையில் குடிநுழைவுக் கட்டடத்தின் அருகே இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, அந்தப் பெரிய கூட்டத்துக்குள் வேகமாக நடந்தாள். நான் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

“பாமிட்டிக், ஓலியிக் ரெண்டையும் கொறைக்காதம்மா! நம்ம சரக்கு!”

“மானத்த வாங்காதீங்க,” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள் மனைவி. கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தியாள் திரும்பவில்லை, அவளுக்கு நேரமாகிவிட்டிருந்தது.